ஒரு பிக்சலுக்குள் ஐந்து கொத்துகள்

நேயர்களுக்கு வணக்கம்.

தனுசு விண்மீன் கூட்டத்தில், பால்வெளி மிக அடர்த்தியாகத் தெரியும் பகுதிக்கு அருகே, எம்22 என்ற மங்கலான புள்ளி ஒன்று இருக்கிறது. நிலவில்லாத இரவில் ஒரு சிறிய தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பினால், கண்ணாடியில் யாரோ மூச்சு விட்டதுபோல ஒரு வெண்மூட்டம் முதலில் தெரியும். இவ்வளவுதானா என்று கண்ணை எடுத்துவிடக் கூடாது. அதை நேராகப் பார்க்காமல், சற்றுப் பக்கத்தில் பார்வையை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். மங்கிய ஒளியை உணரும் ஆற்றல் விழித்திரையின் நடுவைவிட ஓரத்துக்கே அதிகம். ஓரிரு நிமிடங்களில் மூட்டத்தின் விளிம்பு உதிரத் தொடங்கும். நுண்மணலை ஊதிவிட்டதுபோல ஒளிப்பொடிகள் தனித்தனியாகப் பிரியும். நடுப்பகுதி மட்டும் பிரிய மறுத்து, வெளிச்சத் திரட்டாகவே நிற்கும். பல ஆண்டுகளாக இதைப் பார்த்து வருகிறேன். முதல் பொடி பிரியும் அந்தக் கணத்தில் இன்றும் எனக்கு மூச்சு ஒரு நொடி நின்றுதான் போகிறது.

அங்கே இருப்பவை லட்சக்கணக்கான விண்மீன்கள். ஒன்றையொன்று ஈர்ப்பு விசையால் கட்டிப்போட்டுக்கொண்டு, ஓர் உருண்டையாகச் சேர்ந்திருக்கின்றன. இதற்குக் கோளகக் கொத்து என்று பெயர். கொத்து என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரே காம்பில் பூத்தவை, ஒரே பிறப்பைச் சேர்ந்தவை என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. 1665 இல் ஆபிரகாம் இஹ்லே என்ற ஜெர்மானியர்தான் எம்22ஐக் கண்டார். இவ்வகைக் கொத்துகளில் முதலில் அறியப்பட்டது இதுவே. ஆனால் அவருக்கும், அடுத்த நூறு ஆண்டுகளில் பார்த்தவர்களுக்கும் அது வெறும் புகைத்திட்டுதான். வில்லியம் ஹெர்ஷல் தம் பெரிய தொலைநோக்கிகளால் இத்தகைய திட்டுகளை விண்மீன்களாகப் பிரித்துப் பார்த்த பிறகுதான் அவை கொத்துகள் என்பது தெளிவானது.

நம் பால்வெளியைச் சுற்றி இப்படி 150க்கும் மேற்பட்ட கொத்துகள் இருக்கின்றன. அவற்றின் வயதுதான் நம்மை உலுக்குகிறது. சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டுகள். இந்தக் கொத்துகளில் பெரும்பாலானவற்றின் வயது 1,200 கோடி ஆண்டுகளை ஒட்டியது, சிலவற்றுக்கு அதற்கும் மேல். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடிதான்.

விண்மீன் கொத்து என்றதும் பலருக்கும் கார்த்திகை நினைவுக்கு வரும். பழந்தமிழில் அதற்கு அறுமீன் என்றே பெயர். அதுவும் கொத்துதான், ஆனால் வேறு இனம். அதற்கு வயது பத்துக் கோடி ஆண்டுகளை ஒட்டித்தான் இருக்கும். அதன் விண்மீன்கள் மெல்ல விலகிக்கொண்டிருக்கின்றன. இன்னும் சில பத்துக் கோடி ஆண்டுகளில் அவை பால்வெளிக்குள் ஆளுக்கொரு திசையாகக் கலந்துவிடும். சூரியனும் இப்படி ஏதோவொரு கொத்தில் பிறந்து, உடன்பிறந்தவற்றைத் தொலைத்துவிட்டு வந்த விண்மீனாகவே இருக்க வேண்டும். பிறக்கும் கொத்துகளில் பெரும்பாலானவை கலைந்துபோகின்றன. அப்படியென்றால் எம்22 போன்றவை மட்டும் 1,200 கோடி ஆண்டுகள் கலையாமல் இருப்பது எப்படி? அவை எங்கே, எந்தச் சூழலில் பிறந்தன?

வெகுகாலமாக இது விடை இல்லாத கேள்வி. 1968 இல் பீபிள்ஸ், டிக்கி என்ற இரு இயற்பியலாளர்கள், கோளகக் கொத்துகள் நம் பால்வெளி போன்ற விண்மீன் மண்டலங்களுக்கும் முன்பே தோன்றியிருக்கலாம் என்று எழுதினார்கள். மண்டலங்கள் ஒன்றோடொன்று மோதும்போது நசுங்கும் வாயுவில் பிறந்தவை என்று வேறு சிலர் வாதிட்டார்கள். 1990களில் ஹபிள் தொலைநோக்கி, ஆன்டெனா என்று அழைக்கப்படும் மோதிக்கொண்டிருக்கும் இரு மண்டலங்களில் இளம் கொத்துகளைக் கூட்டம் கூட்டமாகக் காட்டியது. அதனால் இரண்டாவது கருத்துக்கு வலு கூடியது. ஆனாலும் அது இன்றைய பிறப்பு. ஆதியில் என்ன நடந்தது என்பதற்கு அது நேரடிச் சாட்சி ஆகாது.

கொத்துகளின் வயதை இன்னும் துல்லியமாக அளந்தாலே விடை கிடைத்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சிக்கல். ஒரு கொத்தில் எல்லா விண்மீன்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. எடை கூடியவை பிரகாசமாக எரிந்து சீக்கிரம் முடிந்துவிடும். எடை குறைந்தவை சிக்கனமாக எரிந்து நீடிக்கும். ஆகவே இன்று எந்த எடை வரையிலான விண்மீன்கள் எஞ்சியிருக்கின்றன என்று பார்த்து வயதைக் கணக்கிடுகிறோம். அழகான முறை. ஆனால் தூரம், வேதிக் கலவை, விண்மீனின் உள்ளியக்கம் என்று ஒவ்வொன்றிலும் சிறு ஐயம் சேர்ந்து, கடைசியில் ஐம்பது கோடி, நூறு கோடி ஆண்டுகள் முன்பின்னாக நிற்கிறது. ஒரு காலத்தில் சில கணக்குகள் கொத்துகளின் வயதைப் பிரபஞ்சத்தின் வயதைவிடக் கூடுதலாகவே காட்டின. அந்த முரண் பின்னர் தீர்ந்துவிட்டது. ஆனாலும் நமக்குத் தேவையானது, பெருவெடிப்புக்குப் பின் முதல் நூறு கோடி ஆண்டுகளுக்குள் என்ன நடந்தது என்பது. அளவுகோலின் பிழையே அந்தக் காலம் முழுவதையும் விழுங்கிவிடுகிறது. எண்பது வயது முதியவரின் முகத்தைப் பார்த்து, அவர் பிறந்தது காலையிலா மாலையிலா என்று சொல்ல முடியாது. பிறந்த வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும்.

வானியலில் அப்படிப் போக முடியும். ஒளி வருவதற்குக் காலம் எடுக்கிறது. தொலைவில் பார்க்கப் பார்க்க, பழங்காலத்தைப் பார்க்கிறோம். எம்22 இலிருந்து இன்று நம் கண்ணை வந்தடையும் ஒளி சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. 1,300 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியைப் பிடித்தால், கொத்துகள் பிறந்த காலமே கண்ணெதிரே வரும்.

அந்த ஒளி வந்து சேரும்போது அடையாளம் மாறியிருக்கும். அது பயணம் செய்த காலமெல்லாம் பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருந்ததால், ஒளியின் அலையும் கூடவே நீண்டுவிடுகிறது. இதைச் செம்பெயர்ச்சி என்கிறோம். செம்பெயர்ச்சி 10 என்றால் அலைநீளம் 11 மடங்கு நீண்டிருக்கிறது என்று பொருள். இளம் விண்மீன்கள் கொட்டும் ஒளியில் பெரும்பகுதி புற ஊதா. அதை 11 மடங்கு நீட்டினால் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தாண்டி அகச்சிவப்புக்குள் போய்விடும். ஹைட்ரஜன் அணு உமிழும் 121.6 நானோமீட்டர் ஒளி, நம்மிடம் வரும்போது 1,340 நானோமீட்டரை ஒட்டி நிற்கும். அதனால்தான் 2021 டிசம்பர் 25 அன்று விண்ணுக்குப் புறப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்புக்கென்றே வடிவமைக்கப்பட்டது. பதினெட்டு அறுகோணத் துண்டுகள் சேர்ந்த 6.5 மீட்டர் ஆடி, அதன்மேல் தங்கப் பூச்சு, வெப்பத்தைத் தடுக்க ஐந்து அடுக்கு விதானம். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் அது நிற்கிறது.

அதன் படங்களில் ஒரு பழைய மண்டலத்தைக் கண்டுபிடிக்கும் விதத்தை ஒருமுறை திரையில் பார்த்தால் மறக்கவே முடியாது. ஒரே வானத்துண்டை ஒன்றன்பின் ஒன்றாகப் பல வடிகட்டிகளில் படம் எடுத்திருப்பார்கள். குறைந்த அலைநீளப் படத்தில் அந்த இடம் வெறும் கறுப்பு. அடுத்ததிலும் கறுப்பு. மூன்றாவது படத்தைத் திறக்கிறோம், சட்டென்று ஒரு புள்ளி. அதற்குப் பிறகு எல்லாப் படங்களிலும் அது இருக்கிறது. புள்ளிக்கும் நமக்கும் நடுவே ஆதிகால ஹைட்ரஜன் வாயு இருந்து, ஒரு குறிப்பிட்ட அலைநீளத்துக்குக் கீழான ஒளியை முழுவதுமாக விழுங்கிவிட்டது. எந்த வடிகட்டியில் புள்ளி தோன்றத் தொடங்குகிறது என்பதே அதன் தொலைவுக்கான முதல் மதிப்பீடு. பிறகு ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து, நிறமாலையாகப் பதிவு செய்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இப்படித்தான் கடந்த சில ஆண்டுகளாக மிகத் தொலைவான மண்டலம் என்ற சாதனைச் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஜேட்ஸ்-ஜிஎஸ்-இஸட்14-0 என்ற மண்டலம், பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டுகள்கூட முழுதாக ஆகாத காலத்தைச் சேர்ந்தது. அதில் ஆக்சிஜன் இருப்பதை 2025 இல் சிலி நாட்டு ஆல்மா தொலைநோக்கித் தொகுதி காட்டியது. ஆக்சிஜன் விண்மீன்களின் வயிற்றில் உருவாவது. அப்படியானால் அதற்குள் ஒரு தலைமுறை விண்மீன்கள் பிறந்து, வாழ்ந்து, வெடித்தும் முடிந்துவிட்டன. வியப்பான செய்திதான். ஆனாலும் என் மனம் தூரச் சாதனைகளில் அவ்வளவாக நிற்பதில்லை. அந்த மண்டலங்கள் நமக்கு ஒரு மங்கல் திட்டாக மட்டுமே தெரிகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா? ஹெர்ஷல் திட்டைப் பிரித்ததுபோல, இந்தத் திட்டையும் யாராவது பிரிக்க வேண்டும்.

வெப் தனியாக இதைச் செய்ய முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அதன் அண்மை அகச்சிவப்புக் கேமராவின் நுண்மையான பிக்சல், செம்பெயர்ச்சி 10 உள்ள தொலைவில் ஏறக்குறைய 400 ஒளியாண்டு அகலத்தை அடைத்துக்கொள்கிறது. கோளகக் கொத்தின் ஒளியில் பாதி, நடுவிலிருந்து பத்து ஒளியாண்டு தூரத்துக்குள் அடங்கிவிடும். பத்துக்கும் நானூறுக்கும் எவ்வளவு இடைவெளி! இன்னும் பெரிய தொலைநோக்கி கட்டும்வரை காத்திருக்க வேண்டியதுதான் என்று விட்டுவிடலாம். ஆனால் பிரபஞ்சமே ஓர் உருப்பெருக்கியை நடுவில் வைத்திருக்கிறது.

நிறையுள்ள எந்தப் பொருளும் தன்னைச் சுற்றியுள்ள வெளியை வளைக்கிறது, அந்த வழியே வரும் ஒளியும் வளைகிறது. ஒரு விண்மீன் மற்றொரு விண்மீனின் ஒளியை இப்படிக் குவிக்கக்கூடும் என்று 1936 இல் ஐன்ஸ்டைன் எழுதினார். ஆனால் அதை யாரும் நேரில் காண வாய்ப்பில்லை என்றே கருதினார். அடுத்த ஆண்டே ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, தனி விண்மீனை விடுங்கள், முழு மண்டலங்களே வில்லையாகச் செயல்படும் என்றார். ஸ்விக்கி சொன்னதே நடந்தது. 1979 இல் முதல் ஈர்ப்பு வில்லை கண்டுபிடிக்கப்பட்டது.

வெயில் நேரத்தில் தெளிந்த நீரின் அடித்தரையைப் பார்த்திருப்பீர்கள். நீர்மட்டம் அலையும்போது அடியில் மெல்லிய ஒளிக்கோடுகள் வலைபோல் நெளியும். வெளிச்சம் எல்லா இடத்திலும் சமமாக விழாமல், சில கோடுகளில் மட்டும் குவிந்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான மண்டலங்கள் சேர்ந்த ஒரு பெருங்கூட்டத்தின் ஈர்ப்பும் இதையேதான் செய்கிறது. அதன் பின்னால் வெகுதொலைவில் இருக்கும் மண்டலம் ஒன்று, அப்படிப்பட்ட கோட்டின்மேல் தற்செயலாக அமைந்துவிட்டால், அதன் உருவம் பல பத்து மடங்கு இழுபட்டு வில்போல வளைந்து தெரியும். இழுபடும் திசையில் சின்னஞ்சிறு இடைவெளிகளும் பெரிதாகும்.

அப்படி வில்போல வளைந்து தெரியும் ஒரு மண்டலத்தை 2018 இல் ஹபிள் படங்களில் கண்டார்கள். அதற்குக் காஸ்மிக் ஜெம்ஸ் என்று பெயர் வந்தது பிற்பாடு. பிரபஞ்ச மணிகள் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஹபிள் படத்தில் அது ஒரு மங்கல் கீற்று மட்டுமே. வெப் அதைப் பார்த்தபோது, கீற்றுக்குள் மணிகள் தெரிந்தன. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏஞ்சலா அடாமோ தலைமையிலான குழு 2024 இல் இந்த ஆய்வை வெளியிட்டது. பெருவெடிப்புக்குப் பின் 46 கோடி ஆண்டுகள் ஆன காலத்து மண்டலம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

இந்தப் படத்தை நீங்கள் மனக்கண்ணில் கொண்டுவர வேண்டும். மெல்லிய வளைந்த இழை. அதில் வரிசையாகக் கோத்த ஒளிமணிகள். இழையின் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் மணிகள் எந்த வரிசையில் வருகின்றனவோ, அதே வரிசை அந்தப் பக்கம் தலைகீழாகத் திரும்புகிறது, கண்ணாடியில் பார்த்ததுபோல. வில்லையின் குவிகோடு சரியாக அந்த நடுவிடத்தில்தான் ஓடுகிறது. ஒரே கொத்து இரண்டு முறை தெரிகிறது. இந்தக் கண்ணாடிச் சமச்சீர் ஒரு அழகு மட்டும் இல்லை, சான்றும்கூட. மணிகள் கேமராவின் கோளாறாலோ, குறுக்கே வந்த வேறு பொருளாலோ தோன்றியவை என்றால் இரு பக்கமும் இப்படிப் பொருந்தாது.

இரட்டைப் பிம்பத்தை நீக்கி எண்ணினால் ஐந்து கொத்துகள். ஐந்தும் சேர்ந்து 230 ஒளியாண்டுக்கும் குறைவான பரப்பில் அடங்கிவிடுகின்றன. முன்பு சொன்ன கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஈர்ப்பு வில்லை இல்லாவிட்டால் இந்த ஐந்தும் ஒரே ஒரு பிக்சலுக்குள் விழுந்து, ஒரே புள்ளியாகவே போயிருக்கும். நாமும் அதை ஒரு சாதாரண மங்கல் மண்டலம் என்று எழுதிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்போம்.

ஒவ்வொரு கொத்தின் நிறையும் பத்து லட்சம் சூரியன்களை ஒட்டியது. ஆனால் அரை ஒளி அடங்கும் ஆரம் மூன்று ஒளியாண்டை ஒட்டித்தான் வருகிறது. இந்த எண் என்னைத் தூங்கவிடவில்லை. சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீனே 4.2 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இடையில் ஒன்றுமே கிடையாது. அந்தக் கொத்தில் ஒரு கோளைக் கற்பனை செய்து நடுவில் வைத்தால், அதைவிடக் குறைந்த தூரத்துக்குள் ஐந்து லட்சம் சூரியன்களின் நிறை சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அங்கே இரவு என்ற சொல்லுக்கே பொருள் இருக்காது. நமக்கு அருகிலுள்ள வழக்கமான இளம் கொத்துகளைப்போல் ஆயிரம் மடங்கு அடர்த்தி என்கிறது ஆய்வு. வில்லையின் உருப்பெருக்கத்தைக் கணக்கிடுவதில் ஐயங்கள் உண்டு, அதையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஐயத்துக்கு உரிய பங்கைக் கழித்த பிறகும் அடர்த்தி மலைப்பூட்டுகிறது.

இவை உண்மையிலேயே கட்டுண்ட கொத்துகள்தானா, கலைந்துகொண்டிருக்கும் கூட்டமா என்ற கேள்விக்கும் இந்த எண்களிலேயே விடை இருக்கிறது. இவ்வளவு நிறை இவ்வளவு சிறிய இடத்தில் இருந்தால், ஒரு விண்மீன் கொத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச்சேரச் சில பத்தாயிரம் ஆண்டுகள் போதும். அவற்றின் ஒளியின் நிறத்தைக் கொண்டு வயதைப் பார்த்தால், ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டும் அதற்கு மேலும் வருகிறது. குறுக்கே நூறு முறைக்கு மேல் போய்வரும் காலம் கடந்தும் கூட்டம் கலையவில்லை. ஆகவே ஈர்ப்பு அவற்றை இறுகப் பிடித்திருக்கிறது. கோளகக் கொத்தின் முதல் தகுதி இதுதான்.

இவ்வளவு இறுக்கம் எப்படி வந்தது என்பதற்கும் நம்பத்தகுந்த விளக்கம் ஒன்று இருக்கிறது. இன்று ஒரு வாயு மேகத்தில் விண்மீன்கள் பிறக்கத் தொடங்கினால், அவற்றில் பெரியவை தம் கதிர்வீச்சாலும் பின்னர் வெடிப்பாலும் மீதி வாயுவை ஊதித் தள்ளிவிடுகின்றன. மேகத்தின் பெரும்பகுதி விண்மீனாகாமலே போய்விடும். வாயு போனதும் பிடிமானமும் போய், கொத்து கலைகிறது. ஆனால் மிகப் பெரிய விண்மீன்கள்கூடப் பிறந்து சுமார் முப்பது லட்சம் ஆண்டுகள் கழித்துத்தான் வெடிக்கும். ஆதி மண்டலங்களில் வாயு மிக அடர்த்தியாக இருந்ததால், மேகம் பத்து லட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே சரிந்து விண்மீன்களாக மாறிவிட்டிருக்கலாம். முதல் வெடி வெடிப்பதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. ஊதித் தள்ள அதிக வாயு மிச்சமில்லை.

இந்த ஒரு வில் மட்டும் என்றால் தற்செயல் என்று ஒதுக்கியிருப்பேன். 2022 ஜூலையில் வந்த வெப்பின் முதல் ஆழ்வானப் படத்திலேயே, ஸ்பார்க்ளர் என்ற மண்டலத்தைச் சுற்றி மினுமினுக்கும் புள்ளிகள் தென்பட்டன. அதன் ஒளி 900 கோடி ஆண்டுகள் பழையது. அப்போதே அந்தப் புள்ளிகளில் சில முதிர்ந்த கொத்துகள். 2024 டிசம்பரில் லாமியா மவுலா முதலானோர் அறிவித்த ஃபயர்ஃபிளை ஸ்பார்க்கிள், அதாவது மின்மினி மினுக்கு, பெருவெடிப்புக்குப் பின் 60 கோடி ஆண்டுகள் ஆன காலத்தது. அதில் பத்துக் கொத்துகள். அந்த மண்டலத்தின் நிறை, அதே பருவத்தில் நம் பால்வெளிக்கு இருந்திருக்கக்கூடிய நிறையை ஒத்தது என்கிறார்கள். நம் பால்வெளியின் குழந்தைப் பருவத்துக்கு இதைவிட நெருக்கமான படம் கிடைப்பது அரிது.

இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்று. முதல் மண்டலங்கள் என்றால் பரவிக்கிடக்கும் விண்மீன் கடலை நாம் கற்பனை செய்து வந்தோம். கொத்துகளை அதன் ஓரத்தில் தைத்த அணிகலன்போல எண்ணினோம். ஆதியில் கொத்துகளே மண்டலத்தின் உடலாக இருந்திருக்கின்றன. பிற்காலத்தில் அவற்றில் பல உடைந்து, அவற்றின் விண்மீன்கள் மண்டலமெங்கும் கலந்தன. பலோமர் 5 என்ற கோளகக் கொத்து இப்போதும் நம் கண்ணெதிரே அப்படிக் கரைந்துகொண்டுதான் இருக்கிறது. அதிலிருந்து உதிர்ந்த விண்மீன்கள் இருபுறமும் நீண்ட வால்களாகப் போவதைப் படங்களில் காணலாம்.

கரைந்தவற்றுக்கு ஒரு தடயமும் உண்டு. கோளகக் கொத்துகளில் உள்ள விண்மீன்களில் கணிசமானவற்றில் நைட்ரஜனும் சோடியமும் வழக்கத்துக்கு மேல் கூடியும், கார்பனும் ஆக்சிஜனும் குறைந்தும் இருக்கும். பால்வெளியின் வட்டைச் சூழ்ந்துள்ள ஒளிவட்டப் பகுதியில் தனியாக அலையும் சில விண்மீன்களிலும் இதே விசித்திரக் கலவை தெரிகிறது. ஏதோவொரு கொத்திலிருந்து பிரிந்து வந்தவை அவை. இந்தக் கலவை எப்படி உண்டானது என்பது இன்னமும் வாதத்தில் உள்ள விஷயம். சூரியனைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு எடைகொண்ட பெருவிண்மீன்கள் கொத்தின் நடுவில் தோன்றி வாயுவை மாசுபடுத்தின என்பது ஒரு கருத்து. 2023 இல் ஜிஎன்-இஸட்11 என்ற ஆதி மண்டலத்தின் நிறமாலையை வெப் பதிவு செய்தபோது, எதிர்பாராத அளவுக்கு நைட்ரஜன் கோடுகள் வலுவாகத் தெரிந்தன. பெருவெடிப்புக்குப் பின் 45 கோடி ஆண்டுகளை ஒட்டிய மண்டலம் அது. கோளகக் கொத்துகளின் நைட்ரஜன் புதிரை அறிந்தவர்கள் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கொத்துகள் உருவாகும் உலையையே நாம் பார்க்கிறோமோ என்று பலரும் எழுதினார்கள். விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

அந்த ஐந்து மணிகளும் இன்றுவரை பிழைத்திருக்குமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. ஐந்தும் பிழைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. 1,300 கோடி ஆண்டுகளில் எத்தனை மோதல்கள், எத்தனை முறை பெரிய மேகங்களின் ஊடே போய்வந்திருக்கும். விண்மீன்கள் தமக்குள்ளே தள்ளிக்கொள்வதிலேயே சில ஒவ்வொரு காலத்திலும் வெளியே எறியப்படும். ஆனால் இவ்வளவு இறுக்கமாகப் பிறந்தவற்றில் ஒன்றிரண்டு தப்பியிருக்க இடமிருக்கிறது. தப்பியிருந்தால், நிறையில் ஒரு பகுதியை இழந்து, நீல விண்மீன்கள் எல்லாம் அணைந்து, மஞ்சளும் சிவப்புமாக, ஏதோ ஒரு பெரிய மண்டலத்தின் ஓரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். எந்த மண்டலம் என்பதை நாம் காண வழியில்லை. அந்த இடத்திலிருந்து இன்று புறப்படும் ஒளி இன்னும் நம்மை வந்தடையவில்லை.

ஆனால் தப்பிய கொத்து எப்படி இருக்கும் என்பதைப் பார்க்கலாம். தனுசு விண்மீன் கூட்டம் உயரே வரும் காலத்தில், நிலவில்லாத இரவாகப் பார்த்து, எம்22ஐத் தேடுங்கள். கண் இருளுக்குப் பழக இருபது நிமிடம் கொடுங்கள். நேராகப் பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் பாருங்கள். விளிம்பில் பொடிகள் பிரியத் தொடங்கும். பிரியாமல் நிற்கும் அந்த நடுப்பகுதியில் இன்னும் சற்று நேரம் கண்ணை வைத்திருங்கள்.

வணக்கம்.